உழைத்துக்கொண்டே கற்போம்: மருத்துவத் துணைப் பணிகளில் ஊதியத்துடன் கூடிய பயிற்சி

(ராமாபுரத்தில் பள்ளி இறுதி வகுப்பு மாணவ மாணவியரிடமும் அவர்தம் பெற்றோரிடமும் நிகழ்த்திய உரை)



கன்னடமும் தமிழும் ஒரே திண்ணையில் அமர்ந்து பேசும் ஊர் இந்த ராமாபுரம். 1956-ல் மாநிலங்கள் திருத்தி அமைக்கப்பட்டபோது கொள்ளேகால் வட்டம் கோயமுத்தூர் மாவட்டத்திலிருந்து மைசூர் மாநிலத்துக்கு வந்தது. 1997-ல் மைசூர் மாவட்டத்திலிருந்து சாமராஜநகர் மாவட்டம் பிரிந்தபோது இப்பகுதியும் அதனுடன் சென்றது. ஆயினும் முதியவர்கள் இன்றும் தம் ஊரை மைசூர்ச் சீமை என்றே சொல்லுகிறார்கள். நோயாளியை எங்கே கொண்டு செல்வது என்ற கேள்வி எழுந்தால் ஒருவர் கொள்ளேகால் என்கிறார். மற்றொருவர் மைசூர் என்கிறார். வேறொருவர் பர்கூர் மலையைத் தாண்டி அந்தியூர், ஈரோடு என்கிறார். எந்தத் திசையில் சென்றாலும் நெடுந்தொலைவு செல்ல வேண்டும் என்பதே இதன் பொருள்.

அவ்வளவு தூரம் சென்று சேர்ந்த நோயாளியை முதலில் தொடுவது யார்? மருத்துவர் அல்லர். சீட்டுப் பதிவு செய்பவர், இரத்தம் எடுப்பவர், எக்ஸ்ரே படம் பிடிப்பவர், இரத்த அழுத்தம் பார்ப்பவர் ஆகியோர்தாம். மருத்துவரின் முடிவு இவர்கள் தரும் செய்தியின் மேல் நிற்கிறது. அந்தச் செய்தி தவறானால் முடிவும் தவறாகும். இத்தகைய பணிகளையே மருத்துவத் துணைப் பணிகள் என்கிறோம். இப்பணிகளை உங்கள் பிள்ளைகள் கற்பது எப்படி, கற்கும் காலத்தில் அவர்கள் வயிற்றுக்கு வழி என்ன என்ற இரண்டு கேள்விகளைப் பற்றியே இன்று பேச விரும்புகிறேன்.

துணைப் பணிகள் யாவை?

2021-ஆம் ஆண்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய தேசிய துணை மற்றும் உடல்நலப் பராமரிப்புத் தொழில்களுக்கான ஆணையச் சட்டம் இப்பணிகளைப் பத்துப் பிரிவுகளாக வகுத்துள்ளது. ஆய்வுக்கூடப் பணி, கதிர்ப்படப் பணி, அறுவை அரங்கிலும் மயக்க மருந்துத் துறையிலும் துணை நிற்கும் பணி, உடலியக்கச் சிகிச்சை, கண் பரிசோதனை, உணவியல், மருத்துவ ஆவணப் பாதுகாப்பு முதலியன இவற்றுள் அடங்கும். சிறுநீரகம் பழுதுற்றவர்களுக்கு டயாலிசிஸ் செய்யும் நுட்பாளரும் இவர்களில் ஒருவரே. செவிலியருக்கும் மருந்தாளுநருக்கும் தனித்தனிச் சட்டங்கள் ஏற்கெனவே உண்டு.

இச்சட்டத்தில் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று இருக்கிறது. துணைப் பணியாளர் என்ற தகுதிக்கு, இரண்டு முதல் நான்கு ஆண்டுகளில் முடிக்கக்கூடிய குறைந்தது 2,000 மணி நேரப் படிப்பு வேண்டும் என்று அது கூறுகிறது. பட்டத் தகுதி வேண்டும் பணிகளுக்கு மூன்று முதல் ஆறு ஆண்டுகளில் குறைந்தது 3,600 மணி நேரம். நாளொன்றுக்கு எட்டு மணி நேரம் என்று கொண்டால் 2,000 மணி என்பது 250 முழு நாட்கள். அந்த 250 நாட்களும் கூலி இன்றிக் கழியுமானால் நிலமற்ற குடும்பத்தின் பிள்ளை என்ன செய்வான்? மஞ்சள் அறுவடைக்கும், பட்டுக்கூடு பிரிப்பதற்கும், நகரத்து ஆயத்த ஆடைத் தொழிற்சாலைக்கும் போனால் அன்றே கூலி கிடைக்கிறது. படிப்புக்குக் கட்டணம் மட்டுமே செலவு என்று நாம் எண்ணுகிறோம். உண்மையில் இழக்கும் கூலியே பெரிய செலவு. கட்டணத்தை விலக்குவதோடு அரசின் கடமை முடிந்துவிடாது என்பதற்கு இதுவே காரணம்.

என் அனுபவம்

இதை நான் ஏட்டிலிருந்து சொல்லவில்லை. இளமையில் ஒரு நகரத்துத் தனியார் மருத்துவமனையின் ஆய்வுக்கூடத்தில் பயிற்சி என்ற பெயரால் சேர்ந்தேன். ஊதியம் கிடையாது, மதிய உணவு மட்டும் உண்டு. முதல் ஆறு மாதம் கண்ணாடிக் குழாய்களைக் கழுவினேன். என்னுடன் சேர்ந்த நண்பர் ஒருவர் என்னைவிடக் கூர்மையானவர்; நுண்ணோக்கியில் மலேரியாக் கிருமியை எனக்கு முதலில் காட்டித் தந்தவர் அவர்தான். ஊரில் தந்தைக்குக் கடன் ஏறியது. ஒன்பதாவது மாதத்தில் அவர் அரிசி ஆலை ஒன்றில் கணக்கெழுதப் போய்விட்டார். ஆய்வுக்கூடத்துறை ஒரு நல்ல நுட்பாளரை இழந்தது. அவரைக் குறை கூற எனக்கு மனம் வரவில்லை.

நான் நிலைத்ததற்குக் காரணம் திறமை அன்று. என் அக்காள் வீடு அந்நகரில் இருந்தது. சோற்றுக்குக் கவலை இல்லை. அவ்வளவே.

இன்னொரு நிகழ்ச்சியையும் சொல்ல வேண்டும். ஓர் இரவு என்னைத் தனியே ஆய்வுக்கூடத்தில் விட்டிருந்தார்கள். இரண்டு நோயாளிகளின் இரத்தம் வகை பார்க்க வந்தது. தூக்கக் கலக்கத்தில் இரு குழாய்களின் சீட்டுகளையும் மாற்றி ஒட்டிவிட்டேன். விடியற்காலையில் வந்த மூத்த நுட்பாளர் என் பதிவை நம்பாமல், நோயாளிகளிடம் மீண்டும் இரத்தம் எடுத்துச் சோதித்தார். தவறு அப்போது தெரிந்தது. இரத்தம் ஏற்றுவதற்குச் சற்று முன்னர் அது தெரிந்ததால் ஓர் உயிர் பிழைத்தது. அவர் என்னைத் திட்டவில்லை. "பழகாதவனைத் தனியே விட்டது யார்?" என்று மட்டும் கேட்டார். அந்தக் கேள்விக்கு அன்று யாரும் விடை கூறவில்லை.

மேற்பார்வை இல்லாத பயிற்சி நோயாளிக்கு ஆபத்து. ஊதியம் இல்லாத பயிற்சி ஏழைக்கு எட்டாதது. இவ்விரண்டையும் அந்த ஓராண்டிலேயே கற்றுக்கொண்டேன். கையில் ஒரு சான்றிதழும் தரப்படாமல் அங்கிருந்து வெளியேறி, முறையான பட்டயப் படிப்பை முதலிலிருந்து தொடங்கினேன்.

பழைய முயற்சிகள் தரும் பாடம்

ஊதியம் தந்து பணியிலேயே பழக்குவது நம் நாட்டுச் சுகாதாரத் துறைக்குப் புதிதன்று. கிராமத்து மருத்துவச்சிகளுக்கு அரசு அளித்த பயிற்சி இதற்கு மிகச் சிறந்த சான்று. பயிற்சிக் காலம் 30 வேலை நாட்கள். வாரத்தில் இரண்டு நாள் ஆரம்ப சுகாதார நிலையத்திலோ துணை நிலையத்திலோ பாடம். மற்ற நான்கு நாட்கள் பெண் சுகாதாரப் பணியாளருடன் கிராமங்களுக்குச் செல்ல வேண்டும். குறைந்தது இரண்டு பிரசவங்களையாவது மேற்பார்வையில் பார்த்தாக வேண்டும். இக்காலத்துக்கு 300 ரூபாய் உதவித்தொகை வழங்கப்பட்டது. முடிவில் சான்றிதழும் பிரசவத்துக்கான சாதனப் பெட்டியும் கிடைத்தன. எழுத்தறியாத பெண்ணும் கற்கக்கூடிய முறை இது. கையால் செய்து, கண்ணால் கண்டு, மூத்தவர் அருகில் நிற்கக் கற்பது. அன்று நாளொன்றுக்குப் பத்து ரூபாய் என்பது பெருந்தொகை அன்றாயினும், வயல் வேலையை விட்டு வருகிறவளின் காலத்துக்கு மதிப்புண்டு என்பதை அரசு அதன் வாயிலாக ஏற்றுக்கொண்டது.

1977-ஆம் ஆண்டு அக்டோபர் 2-ஆம் நாள் தொடங்கப்பட்ட சமுதாய சுகாதாரத் தொண்டர் திட்டம் மற்றொன்று. ஆயிரம் பேருக்கு ஒருவர் வீதம் கிராமத்தாரே தேர்ந்தெடுத்து அனுப்பினர். ஆரம்ப சுகாதார நிலையத்தில் மூன்று மாதப் பயிற்சி. மாதம் 200 ரூபாய் உதவித்தொகை. பயிற்சி முடிந்தபின் மாதம் 50 ரூபாய் மதிப்பூதியமும், 50 ரூபாய்க்கான மருந்தும் தரப்பட்டன. கர்நாடகமும் தமிழ்நாடும் தமக்கென வேறு ஏற்பாடுகளை வைத்திருந்தமையால் இத்திட்டத்தைத் தொடக்கத்தில் மேற்கொள்ளவில்லை.

இத்திட்டம் ஏன் நீடித்து நிற்கவில்லை என்று எண்ணிப் பார்ப்பது பயன் தரும். பயிற்சிக் காலத்தில் 200 ரூபாய் பெற்றவர் பணிக்காலத்தில் 50 ரூபாய் பெற்றார். தொண்டரா ஊழியரா என்ற ஐயம் நெடுங்காலம் தீரவில்லை. அவர் கற்றது அடுத்த படிக்கு ஏற்றிச் செல்லும் ஏணியாக அமையவில்லை. நன்றாகப் பணி செய்த தொண்டர் பின்னர் சுகாதாரப் பணியாளராகவோ ஆய்வுக்கூட உதவியாளராகவோ உயர்வதற்கு வழி வகுக்கப்படவில்லை. பயிற்சிக்குப் பணம் கொடுத்தால் மட்டும் போதாது; பயிற்சியின் மறுகரையில் ஒரு வேலை காத்திருக்க வேண்டும் என்பதே இதன் பாடம்.

மதுரை காட்டிய வழி

இந்த மறுகரையைக் கட்டிக் காட்டிய ஒரு முயற்சி நம் அண்டை மாநிலத்தில் உண்டு. டாக்டர் கோ. வெங்கடசாமி மதுரை மருத்துவக் கல்லூரியில் கண் மருத்துவத் துறைக்குத் தலைமை வகித்தவர். 1973-லேயே கண் மருத்துவ உதவியாளர் பயிற்சியைத் தொடங்கியவர். முடக்குவாதத்தால் விரல்கள் வளைந்த நிலையிலும் அறுவை சிகிச்சை செய்தவர். அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்றபின், 1976-ல் 11 படுக்கைகளுடன் அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார்.

அங்கே அவரும் அவருடைய தங்கை டாக்டர் நாச்சியார் முதலியோரும் ஒரு முறையை வளர்த்தனர். மேனிலைப் பள்ளிப் படிப்பை முடித்த கிராமத்துப் பெண்களைத் தேர்ந்தெடுத்தனர். மதிப்பெண்ணை மட்டும் பார்க்கவில்லை. பொறுமையையும் குடும்பத்தின் பின்னணியையும் பார்த்தனர். பயிற்சி இரண்டு ஆண்டுகள். முதலில் சில மாதங்கள் எல்லோருக்கும் பொதுவான அடிப்படைப் பாடம். பிறகு ஒவ்வொருவரையும் ஒரு துறைக்குப் பிரிக்கின்றனர்: ஒருவர் பார்வைத் திறன் சோதிப்பார், ஒருவர் அறுவை அரங்கில் நிற்பார், ஒருவர் கண்ணாடிப் பிரிவில் இருப்பார், ஒருவர் நோயாளிக்கு ஆறுதலாக விளக்கிச் சொல்லுவார். எஞ்சிய காலம் மூத்தவர் மேற்பார்வையில் உண்மையான நோயாளிகளிடையே கழிகிறது. கட்டணம் இல்லை. தங்குமிடம் உண்டு, உதவித்தொகையும் உண்டு. பயிற்சி முடித்தவருக்கு அங்கேயே வேலை.

இதன் பயனை மருத்துவமனையும் அடைந்தது. கண்ணை அளப்பது, நோயாளியை ஆயத்தம் செய்வது, கருவிகளை அடுக்கித் தருவது முதலிய பணிகளை இப்பெண்கள் ஏற்றுக்கொண்டமையால், மருத்துவர் தம் கைத்திறனை அறுவையில் மட்டும் செலுத்த முடிந்தது. ஒரு மேசையில் அறுவை முடியும்போது அடுத்த மேசையில் அடுத்தவர் ஆயத்தமாக இருப்பார். அங்கே ஒரு மருத்துவர் ஆண்டுக்குச் சுமார் 2,000 அறுவை சிகிச்சைகள் வரை செய்வதாகக் கணக்கிட்டுள்ளனர். இது நாட்டின் சராசரியைப் போல் பல மடங்கு. பெருந்தொகையான ஏழைகளுக்கு இலவசமாகவும் குறைந்த கட்டணத்திலும் பார்வை திரும்பியதற்கு இப்பெண்களின் உழைப்பு ஒரு முதன்மையான காரணம். அவர்களுக்குத் தந்த உதவித்தொகையைத் தருமம் என்று யாரும் கருத முடியாது. அது மருத்துவமனை செய்த முதலீடு.

நமக்கு இன்னும் அருகிலும் ஒரு முன்மாதிரி உண்டு. பிலிகிரிரங்கன் மலையில் டாக்டர் ஹெச். சுதர்சன் 1981-ல் தொடங்கிய விவேகானந்த கிரிஜன கல்யாண கேந்திரம், சோலிகர் மக்களிடையே மருத்துவப் பணியுடன் கல்வியையும் தொழிற்பயிற்சியையும் இணைத்தது. மலைவாழ் பெண்களையே துணைச் செவிலியராகப் பயிற்றித் துணை நிலையங்களுக்கு அனுப்பும் முயற்சி அங்கே வேரூன்றியது. வெளியூர்ச் செவிலியர் மாற்றல் கேட்டுப் போய்விடும் இடத்தில், அம்மண்ணின் மகள் நிலைத்து நிற்பாள் என்பதே அதன் அடிப்படை.

சட்டம் தரும் பாதுகாப்பு

1961-ஆம் ஆண்டின் தொழில் பழகுநர் சட்டத்தைப் பற்றிப் பலர் கேள்விப்பட்டிருப்பீர்கள். ரயில்வேப் பணிமனையிலும் இயந்திரத் தொழிற்சாலையிலும் பிட்டர், டர்னர் ஆகியோரைப் பழக்குவதற்கே அது என்ற எண்ணம் பரவலாக உள்ளது. அது முழு உண்மையன்று. பின்னர் வந்த திருத்தங்களால், குறிப்பாக 2014-ன் திருத்தத்தால், சேவைத் துறைகளுக்கும் அதன் கதவு அகலத் திறந்தது. மருத்துவமனைகளும் பழகுநரைச் சேர்க்கலாம். முப்பது பேரோ அதற்கு மேற்பட்டோரோ பணிபுரியும் நிறுவனம், தன் பணியாளர் எண்ணிக்கையில் இரண்டரை முதல் பதினைந்து விழுக்காடு வரை பழகுநரைச் சேர்க்க வேண்டும் என்று 2019-ல் விதிகள் திருத்தப்பட்டன. பத்தாம் வகுப்புத் தேறியவருக்கு மாதம் 6,000 ரூபாய், பன்னிரண்டாம் வகுப்புக்கு 7,000, பட்டயத்துக்கு 8,000, பட்டத்துக்கு 9,000 என்று குறைந்தபட்ச உதவித்தொகையையும் அத்திருத்தம் குறித்தது. இரண்டாம் ஆண்டில் பத்து விழுக்காடு கூடுதல். 2016-ல் தொடங்கிய தேசிய பழகுநர் ஊக்குவிப்புத் திட்டத்தின்கீழ் இத்தொகையில் கால்பங்கை, 1,500 ரூபாய் வரை, மத்திய அரசே ஏற்க முன்வந்தது.

வெளிநாடுகளிலும் இம்முறை புதிதன்று. ஜெர்மனியில் மருத்துவரின் உதவியாளர் ஆக விரும்பும் இளைஞர் மூன்றாண்டுக் காலம் மருத்துவரிடம் ஊதியம் பெற்றுப் பணி பழகிக்கொண்டே தொழிற்பள்ளிக்கும் செல்கிறார். இரண்டுக்கும் சேர்த்தே தேர்வு நடைபெறுகிறது.

ஆனால் பழகுநர் சட்டத்தின் எல்லையையும் நீங்கள் அறிந்திருக்க வேண்டும். பழகுநர் என்பவர் சட்டப்படி பயில்பவரே அன்றித் தொழிலாளர் அல்லர். பயிற்சி முடிந்ததும் வேலை தந்தே தீர வேண்டும் என்ற பொதுக் கட்டாயமும் இல்லை. அன்றியும், பழகுநர் சான்றிதழும் 2021 சட்டம் கேட்கும் கல்வித் தகுதியும் ஒன்றல்ல. முன்னதைப் பெற்றவர் பின்னதையும் பெற்றுவிட்டதாக எண்ணி ஏமாறலாகாது.

சேருமுன் கேட்க வேண்டியவை

ஆகவே, பெற்றோர்களே, பிள்ளைகளே! பயிற்சியுடன் ஊதியம் என்று யாரேனும் அழைத்தால் உடனே மறுக்கவும் வேண்டாம். உடனே ஒப்பவும் வேண்டாம். ஐந்து கேள்விகளைக் கேளுங்கள்.

முதலாவது, ஒப்பந்தம் எழுத்தில் உண்டா, அது பதிவு செய்யப்படுமா? இரண்டாவது, உதவித்தொகை எவ்வளவு, அது வங்கிக் கணக்கில் வருமா? விடுதிக்கும் உணவுக்கும் சீருடைக்கும் எனப் பிடித்தம் செய்துவிட்டு வெறுங்கையோடு அனுப்பும் இடங்களும் உண்டு. மூன்றாவது, எனக்குக் கற்பிப்பவர் யார், இரவில் என்னருகில் தகுதி பெற்றவர் ஒருவர் இருப்பாரா? நான்காவது, முடிவில் கிடைக்கும் சான்றிதழை வழங்குவது யார்? பல்கலைக்கழகமா, அரசு வாரியமா, மருத்துவமனையின் வெறும் கடிதமா? அதைக் கொண்டு மாநிலக் கவுன்சிலில் பதிவு செய்ய முடியுமா? ஐந்தாவது, இதற்கு முன் இங்கே பயின்றவர்கள் இப்போது எங்கே பணிபுரிகிறார்கள்?

இவற்றுக்கு நேராக விடை சொல்லும் இடம் நல்ல இடம். கேட்பவரைக் கண்டு முகம் சுளிக்கும் இடத்தில் குழாய் கழுவத்தான் ஆள் தேடுகிறார்கள் என்று கொள்ளலாம். இன்னொன்றும் சொல்ல வேண்டும். பெண் பிள்ளைகளை அனுப்பும் பெற்றோர் விடுதியை நேரில் சென்று பாருங்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

செய்ய வேண்டியவை

அரசுக்கும் மருத்துவமனைகளுக்கும் சில வேண்டுகோள்கள் உண்டு. பட்டயப் படிப்பின் மணி நேரங்களில் ஒரு பகுதியை ஊதியம் பெறும் பழகுநர் காலமாகக் கணக்கிட வழி செய்தால், ஒரே உழைப்பில் கல்வியும் பிழைப்பும் நடைபெறும். மாவட்ட மருத்துவமனைகளும் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளும் இதற்கு இயல்பான களங்கள். மைசூர் மருத்துவக் கல்லூரி 1924-ல் பிறந்தது; சாமராஜநகர் மருத்துவக் கல்லூரி 2016-ல் தொடங்கியது. இவ்விரண்டின் படுக்கைகளுக்கு அருகே ராமாபுரத்துப் பிள்ளை நின்று கற்க வேண்டும். தொலைதூரக் கிராமங்களிலிருந்து வருவோருக்குத் தங்குமிடம் இன்றியமையாதது. அது இல்லாமல் உதவித்தொகை பேருந்துக் கட்டணத்திலேயே கரைந்துபோகும். ஏற்கெனவே பல ஆண்டுகள் பணி செய்து பழகி, சான்றிதழ் மட்டும் இல்லாமல் இருப்பவர்களைச் சோதித்துப் பார்த்துக் குறைந்த காலப் பாடத்தின் மூலம் தகுதி பெறச் செய்வதும் தேவை. அவர்களை வெளியே தள்ளினால் கிராமத்து ஆய்வுக்கூடங்கள் பலவற்றின் கதவு மூடப்படும். சோதிக்காமல் விட்டால் நோயாளிக்குத் தீங்கு.

பயிற்சியாளரை மலிவான கூலியாளாகக் கருதும் மனப்பாங்கு மாற வேண்டும். பயில்பவரின் தவறுக்குப் பயிற்றுவிப்பவரும் பொறுப்பு. என்னைத் தனியே விட்டது யார் என்று அன்று கேட்கப்பட்ட கேள்வி ஒவ்வொரு மருத்துவமனையிலும் கேட்கப்பட வேண்டும்; அதற்கு விடை சொல்லும் ஒருவர் அங்கே இருக்க வேண்டும்.

அன்பர்களே! நான் இங்கு வருவதற்கு முன் ஒரு தாய் என்னிடம், "என் மகள் படித்து முடிக்கும்வரை வீடு தாங்காது, ஐயா" என்றார். அந்தச் சொல்லை நான் நெடுங்காலமாக அறிவேன். என் நண்பரின் தந்தை சொன்னதும் அதுவே. வீடு தாங்கும்படியான படிப்பைக் கட்டியமைப்பது முடியாத செயலன்று. மதுரையில் அதைச் செய்து காட்டியிருக்கிறார்கள். இன்று இங்கே அமர்ந்திருக்கும் மாணவியருள் ஒருத்தி, சில ஆண்டுகளில் வெள்ளைச் சீருடையுடன் இதே ஊரின் சுகாதார நிலையத்தில் அமர்ந்து, நடுங்கும் ஒரு முதியவரின் கையைப் பிடித்து, அவருக்குத் தெரிந்த மொழியில் பேசி, முதல் முயற்சியிலேயே நரம்பைக் கண்டு இரத்தம் எடுக்க வேண்டும். குழாயின் சீட்டை இருமுறை படித்துப் பார்த்துவிட்டு ஒட்ட வேண்டும். அதுவே என் விருப்பம்.